பாலைவனத்தில் ராணுவச் சோதனையும் பயிற்சியும்: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள், செய்தி எழுதுபவர்கள், அமெரிக்காவின் தென்மேற்கில் வேலைக்குப் போன நண்பர்கள் எனப் பலரும் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தைச் சேர்ந்தவை. அங்கே நீண்ட காலமாக அளந்திருக்கிறார்கள், அளந்ததை வெளியிட்டும் இருக்கிறார்கள்.

பாலைவனம்னா வெறும் மணல்தானே? அங்க டாங்கி ஓடினா என்ன கெட்டுப்போகும்?

மொஹாவியில் மணல்மேடுகள் கொஞ்சம்தான். பெரும்பகுதி சரளையும் வண்டலும் கலந்த தரை. அந்தத் தரைக்கு மேல் இரண்டு வகையான தோல் உண்டு. ஒன்று கல் தோல். கூழாங்கற்கள் இடைவெளி இல்லாமல் ஒரே அடுக்காகப் பதிந்திருக்கும். அதற்கு அடியில், காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த நுண்ணிய வண்டல் இருக்கும். மேலே கல் இருக்கும்வரை கீழே உள்ள வண்டல் பறக்காது. ஒரு டாங்கி திரும்பினால் கல் அடுக்கு புரண்டுவிடும்.

இரண்டாவது தோலுக்கு உயிர் உண்டு. நீலப்பச்சைப் பாசி, லைக்கன், மாஸ் ஆகியவை சேர்ந்து மண்துகள்களைப் பின்னிப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய படலம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் அதுதான். பூட்ஸ் காலால் மிதித்தாலே நொறுங்கும். மழை ஆண்டுக்கு 100 முதல் 150 மி.மீ. மட்டுமே பெய்யும் இடத்தில் அது மறுபடி வளர மிக நீண்ட காலம் பிடிக்கும்.

செடிகளும் அப்படித்தான். அங்கே சாதாரணமாகக் காணப்படும் கிரியோசோட் புதர் தன்னைத் தானே வளையமாகப் பெருக்கிக்கொண்டு வாழ்கிறது. ஜான்சன் பள்ளத்தாக்கை ஒட்டியுள்ள ஒரு வளையத்தின் வயது சுமார் 11,700 ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அது காய்ந்த புதர்க் கூட்டம்.

ராணுவம் ஏன் பாலைவனத்தையே தேடிப் போகிறது?

பரந்த இடம், தெளிந்த வானம், குறைந்த குடியிருப்பு. 1942-ல் வட ஆப்பிரிக்கப் போருக்குப் படையைத் தயார் செய்ய ஜெனரல் பேட்டன் மொஹாவியில் பயிற்சி மையம் தொடங்கினார். பின்னர் அது கலிபோர்னியா, அரிசோனா எல்லைகளைத் தாண்டி சுமார் 18,000 சதுர மைல் வரை விரிந்து, 1944-ல் மூடப்பட்டது. நிரந்தர இடங்கள் வேறு: 1980-ல் தேசியப் பயிற்சி மையமான ஃபோர்ட் இர்வின், ட்வென்டிநைன் பாம்ஸ் மரைன் தளம், அரிசோனாவின் யூமா சோதனைத் தளமும் கோல்ட்வாட்டர் குண்டுவீச்சு நிலமும், நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளம். ஃபோர்ட் இர்வினில் ஒவ்வொரு சுற்றுக்கும் பல ஆயிரம் வீரர்கள் டாங்கிகளோடு வந்து, எதிரிப்படையாக நடிக்கும் இன்னொரு படையோடு மோதிப் பழகுகிறார்கள். இது ஆண்டு முழுவதும் நடக்கும்.

80 வருஷத்துக்கு முன்னாடி ஓடின டாங்கித் தடம் இன்னும் தெரியுதாமே, நிஜமா?

நிஜம். பேட்டன் காலத்து முகாம்களில் வீரர்கள் கல் அடுக்கி அமைத்த நடைபாதைகளும் இன்றுவரை இருக்கின்றன. 1980களில் அந்தத் தடங்களில் மண்ணின் இறுக்கத்தை அளந்தபோது, ஒரே ஒரு முறை டாங்கி போன தடத்தில்கூட மேல் 20 செ.மீ. மண் பக்கத்து மண்ணைவிடச் சராசரியாகப் பாதி மடங்கு கூடுதலாக இறுகியிருந்தது. போர் முடிந்து 40 ஆண்டு ஆகியும் இந்த நிலை.

இறுகிய மண் மட்டும் தளர்ந்து பழைய நிலைக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகும் என்பது மொஹாவி ஆய்வுகளின் பொதுவான கணக்கு. முதல் கேள்வியில் சொன்ன உயிர்ப்படலம் இன்னும் மெதுவானது. பாசி ஓரளவு திரும்பிவிடும். புதர்களுக்கு இடைப்பட்ட வெட்டவெளியில் லைக்கன் முழுதாக மீள ஆயிரம் ஆண்டைத் தாண்டலாம் என்று பேட்டன் தடங்களை ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மதிப்பீட்டு அறிக்கைகள் பாதிப்பைக் குறுகிய காலம், நீண்ட காலம் என்று பிரிக்கும். பல அறிக்கைகளில் நீண்ட காலம் என்பது சில பத்தாண்டுகள்தான். பாலைவனத்தில் அந்த அளவுகோல் போதாது. பின்வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

அப்படியானால் ராணுவம் யாரிடமாவது சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டுமா?

அமெரிக்காவில் இது அனுமதி முறை இல்லை. 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி, பெரிய பாதிப்பு தரக்கூடிய எந்த வேலையைச் செய்தாலும் அந்தத் துறையே முன்கூட்டி ஆராய்ந்து எழுதிவைக்க வேண்டும். ராணுவத்துக்கும் இது பொருந்தும். சின்ன வேலைக்கு விலக்கு உண்டு. நடுத்தர வேலைக்குச் சுருக்கமான மதிப்பீடு போதும். பாதிப்பு பெரிதாக இருக்கும் என்று தெரிந்தால் முழு அறிக்கை. அதில் திட்டத்துக்கு மாற்று வழிகளும், எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் இடம்பெற வேண்டும்.

அண்மையில் விதிகள் நிறைய மாறியிருக்கின்றன. 2023-ல் வந்த திருத்தம் முழு அறிக்கைக்கு 150 பக்கம், மிகச் சிக்கலான திட்டத்துக்கு 300 பக்கம் என்று வரம்பு வைத்தது. பின்னிணைப்புகள் இந்தக் கணக்கில் சேராது. கால வரம்பு இரண்டு ஆண்டு. 2025-ல் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக இருந்த விதித்தொகுப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. பாதுகாப்புத் துறை இப்போது தன் சொந்த நடைமுறையை வைத்திருக்கிறது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு புதிய அறிக்கையைப் படித்தால் குழப்பம்தான் வரும்.

அறிக்கையில் பாதிப்பு மோசம் என்று வந்தால் திட்டம் நின்றுவிடுமா?

தானாக நிற்காது. இந்தச் சட்டம் செய்முறையைத்தான் கட்டாயமாக்குகிறது, முடிவை இல்லை என்று 1989-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விளைவு தெரிந்தே ஒரு துறை மோசமான முடிவை எடுக்கலாம். தெரியாமல் எடுக்கத்தான் கூடாது.

அதனால் அறிக்கை வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். 1958-ன் சட்டப்படி 5,000 ஏக்கருக்கு மேல் பொதுநிலத்தை ராணுவத்துக்கு ஒதுக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். 2018-ல் விமானப்படை நெவாடா குண்டுவீச்சு நிலத்தை விரிக்க சுமார் 3 லட்சம் ஏக்கர் கேட்டது. அதில் பெரும்பகுதி 1936-ல் பெருங்கொம்பு ஆடுகளுக்காக அமைத்த பாலைவன வனவிலங்குப் புகலிடத்தில் இருந்தது. தென் பையூட் பழங்குடியினர், வேட்டைக்காரர் சங்கங்கள், இயற்கை ஆர்வலர்கள், மாநிலச் சட்டமன்றம் எல்லோரும் எதிர்த்தார்கள். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த ஊற்று, எந்த மூதாதையர் தலம் என்று பெயர் சொல்லி வாதாட அவர்களுக்கு அறிக்கையின் வரைபடங்கள் உதவின. பழைய நிலத்துக்கான ஒதுக்கீட்டை நாடாளுமன்றம் புதுப்பித்தது. கேட்ட விரிவாக்கத்தைத் தரவில்லை.

களத்தில் உண்மையில் என்னதான் அளப்பார்கள்?

அமெரிக்கத் தரைப்படை 1980களில் உருவாக்கிய முறை எளிமையானது. பயிற்சி நிலம் முழுக்க நிலையான இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 100 மீட்டர் நீளக் கோடு போடுவார்கள். மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் தரையில் இருப்பது வெறும் மண்ணா, கல்லா, சருகா, வண்டித் தடமா, மேலே செடி எந்த உயரத்தில் என்று குறிப்பார்கள். பிறகும் அதே இடத்துக்கு வந்து அதையே செய்வார்கள். இதோடு, கூம்பு முனைக் கம்பியை மண்ணில் அழுத்தி எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். மண் இறுக்கம் அதில் தெரிந்துவிடும். செயற்கைக்கோள் படங்கள் இப்போது பெரிய உதவி. ஆனால் உயிர்ப்படலம் நொறுங்கியிருப்பதைக் குனிந்து பார்த்தால்தான் நம்பகமாகச் சொல்ல முடியும்.

பலர் கவனிக்காத ஒன்று, பயிற்சி நடந்த நாளில் மண் ஈரமாக இருந்ததா என்பது. ஈர மண் உலர்ந்த மண்ணைவிட ஆழமாக இறுகும். ஒரே எண்ணிக்கையில் வண்டிகள் ஓடினாலும், மழைக்கு மறுநாள் ஓடியதும் கோடையில் ஓடியதும் ஒன்றல்ல. எத்தனை வண்டி, எத்தனை நாள் என்று மட்டும் கணக்குச் சொல்லும் அறிக்கையை நான் அரைகுறை என்றே கருதுவேன்.

முன்னாடி அந்த நிலம் எப்படி இருந்ததுன்னே தெரியாட்டி மாற்றத்தை எப்படிச் சொல்வது?

மிகச் சரியான கேள்வி. முழு வேலையின் உயிர்நாடி இதுதான். மொஹாவியில் ஆண்டுத் தாவரங்கள் குளிர்கால மழையை நம்பியவை. நல்ல மழை ஆண்டில் தரை முழுக்கப் பூக்கும். வறட்சியில் ஒன்றுமே முளைக்காது. ஒரே ஒரு வசந்த காலத்தில் மட்டும் கணக்கெடுத்துவிட்டு, இதுதான் ஆரம்ப நிலை என்று வைத்துக்கொண்டால், பிறகு தெரியும் மாற்றம் டாங்கியால் வந்ததா மழையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

அதனால் நல்ல ஆய்வுகளில் இரண்டு நிலங்களை எடுப்பார்கள். ஒன்றில் பயிற்சி நடக்கும், மற்றதில் நடக்காது. இரண்டையும் பயிற்சிக்கு முன்பும் பின்பும் அளப்பார்கள். மழை இரண்டுக்கும் பொது. வித்தியாசத்தில் எஞ்சுவது பெரும்பாலும் பயிற்சியின் பங்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று ராணுவம் கேட்கும் நிலங்கள் பல ஏற்கெனவே பேட்டன் காலத்திலும், 1964-ல் நடந்த டெசர்ட் ஸ்டிரைக் என்ற பெரும் பயிற்சியிலும், பிறகு மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் அடிபட்டவை. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட நிலம் என்று எழுதி, இன்றைய நிலையை ஆரம்பமாக வைத்துவிட்டால், பழைய சேதமெல்லாம் கணக்கிலிருந்து மறைந்துபோகும். மீண்டுகொண்டிருக்கும் நிலத்தை மறுபடி உடைப்பதும் இழப்புதான். அதையும் தனியாகக் கணக்கிட வேண்டும்.

ஒரு ஆமைக்காக ராணுவமே காத்திருக்கணுமா?

மொஹாவி பாலை ஆமை 1990-ல் அமெரிக்க அரசின் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்கள் பட்டியலில் சேர்ந்தது. 1973-ன் அழிநிலை உயிரினச் சட்டம் முன்பு சொன்ன கொள்கைச் சட்டத்தைவிடக் கண்டிப்பானது. தன் செயல் ஓர் இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளாது என்பதை, மீன் மற்றும் வனவிலங்குத் துறையோடு கலந்து பேசி ராணுவம் உறுதிசெய்தாக வேண்டும். ஆமையை முன்னிட்டுத்தான் பல மொஹாவி திட்டங்களின் எல்லைக்கோடுகளே மாறியிருக்கின்றன.

இந்த ஆமை வாழ்நாளில் சுமார் 95 விழுக்காட்டை வளையில் கழிக்கிறது. மேலே ஓடும் வண்டிக்கு அது கண்ணில் படாது, வளை நசுங்கும். இனப்பெருக்கத்துக்குத் தயாராக 12 முதல் 20 ஆண்டு ஆகும். சிறுநீர்ப்பையில் நீர் சேமிக்கும். பயந்தால் அதை வெளியேற்றிவிடும், கோடையில் அதுவே உயிருக்கு ஆபத்து. தன் போக்கில் நடக்கும் காட்டு ஆமையைத் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம் என்பது இதனால்தான். 2004-லிருந்து பத்தே ஆண்டில் வளர்ந்த ஆமைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இப்படி மெதுவாகப் பெருகும் உயிருக்கு அந்த இழப்பை ஈடுசெய்ய மனித ஆயுள் போதாது.

ஆமையைப் பிடித்து வேறு இடத்தில் விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

ஃபோர்ட் இர்வினில் அதைத்தான் செய்தார்கள். 2001-ல் நாடாளுமன்றம் அந்தத் தளத்துக்கு ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் கூடுதல் நிலம் தந்தது. 2008 வசந்தத்தில் தெற்கு விரிவாக்கப் பகுதியிலிருந்து சில நூறு ஆமைகளைப் பிடித்து, உடல்நிலை சோதித்து, ரேடியோ கருவி பொருத்தி வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கொஞ்ச நாளிலேயே கொயோட்டிகள் (ஓநாயைப் போன்ற சிறிய காட்டு விலங்குகள்) ஆமைகளை வேட்டையாடத் தொடங்கின. எதிர்ப்பு கிளம்பி, அடுத்த கட்ட இடமாற்றம் 2009-ல் நிறுத்தப்பட்டது.

இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இடம் மாற்றிய ஆமை, அங்கேயே வாழ்ந்த ஆமை, எந்தத் தொந்தரவும் இல்லாத வேறிடத்து ஆமை என மூன்று கூட்டத்தையும் கண்காணித்தார்கள். மூன்றிலும் சாவு அதிகமாகவே இருந்தது. வறட்சியில் எலி, முயல் குறைந்ததால் கொயோட்டிகள் ஆமைப் பக்கம் திரும்பின என்பது ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். ஒப்பீட்டுக் கூட்டம் இல்லாதிருந்தால் பழி முழுக்க இடமாற்றத்தின் மேல் விழுந்திருக்கும். ஆரம்ப நிலை பற்றிய கேள்வியில் சொன்ன இரண்டு நில முறையின் பயன் இதில் நன்றாகத் தெரிகிறது.

ஆனால் உயிர் பிழைப்பது மட்டும் வெற்றி ஆகாது. நான்கு ஆண்டு கழித்துக் குஞ்சுகளின் மரபணுவைப் பார்த்தபோது, கொண்டுவந்து விட்ட ஆண் ஆமைகள் தந்தையானதற்கு அடையாளம் கிடைக்கவில்லை. ஆமையை உயிரோடு இடம் மாற்றலாம், அதன் வம்சம் அங்கே தொடருமா என்பது வேறு கேள்வி. இதற்குப் பிறகும் 2017-ல் ட்வென்டிநைன் பாம்ஸ் விரிவாக்கத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகளை மாற்றினார்கள்.

சத்தத்தால் என்ன ஆகும்? விலங்குகள் பழகிக்கொள்ளாதா?

சில பழகும். விமானச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும் மான்களும் ஆடுகளும் உண்டு. ஆனால் பாலைவனத்தின் சிறிய உயிர்களுக்குக் காதுதான் கண். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வில், மணல் வண்டிச் சத்தத்தைச் சில நிமிடம் கேட்ட பல்லிகளுக்குக் கேட்கும் திறன் குறைந்தது. அதே ஆய்வில், மண்ணுக்கடியில் மழைக்காகக் காத்திருக்கும் ஒரு வகைத் தேரை மோட்டார் சைக்கிள் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்துவிட்டது. இடி இடிக்கும்போது வெளியே வரும் தேரை அது. மழை இல்லாத நாளில் வெளியே வந்தால் அதற்குச் சாவுதான். அந்த ஆய்வு டாங்கியை வைத்து நடந்ததல்ல. இருந்தாலும், சத்தத்தை மனிதக் காதுக்கான டெசிபல் சராசரியில் மட்டும் அளந்தால் எதைத் தவறவிடுவோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தூசி அங்கே எப்போதுமே இருப்பதுதானே?

தரை உடையாத இடத்தில் காற்று அடித்தாலும் தூசி குறைவு. தோல் கிழிந்த பிறகுதான் வண்டல் வெளியே வருகிறது. 10 மைக்ரானுக்குக் குறைவான துகள்களுக்குச் சட்ட வரம்பு உண்டு, நுரையீரலுக்குள் போவதும் அவைதான். தென்மேற்குப் பாலைவன மண்ணில் பள்ளத்தாக்குக் காய்ச்சல் தரும் பூஞ்சையும் வாழ்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே பயின்ற வீரர்களுக்கே அது வந்தது. ஆக, தூசியைப் பற்றிய அத்தியாயம் வீரர்களின் உடல்நலத்தைப் பற்றியதும்கூட.

வெடித்த குண்டுகளின் மிச்சம், ரசாயனம் எல்லாம் குப்பைக் கணக்கில் வருமா?

இது பலரைத் திகைக்க வைக்கும். 1997-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொண்டுவந்த விதிப்படி, பயிற்சி நிலத்தில் அதற்குரிய நோக்கத்துக்காகச் சுட்ட குண்டு கழிவு ஆகாது. அதே குண்டு நிலத்துக்கு வெளியே போய் விழுந்து, எடுக்காமல் விட்டால்தான் கழிவு. அதனால் அபாயக் கழிவுச் சட்டத்தின் கண்ணுக்குப் படாமலே பல டன் உலோகமும் வெடிமருந்தும் மண்ணில் கிடக்கலாம். அதைக் கணக்கில் கொண்டுவரும் இடங்களில் முக்கியமானது தாக்க மதிப்பீடு.

பார்க்க வேண்டியவை: ராக்கெட் எரிபொருளிலுள்ள பெர்குளோரேட் நீரில் எளிதாகக் கரைந்து, தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும். ஆர்டிஎக்ஸ் வெடிமருந்து நிலத்தடி நீர்வரை இறங்கும். ஈயம் அநேகமாக விழுந்த இடத்திலேயே கிடக்கும். யூமாவில் செறிவு நீக்கிய யுரேனியக் குண்டுகளையும் சோதித்தார்கள். அது காட்டாற்றுத் தடங்களில் வரும் திடீர் வெள்ளத்தோடு நகருமா என்று ஆராய வேண்டியிருந்தது. மழை குறைவு, ஆகவே ரசாயனம் நகராது என்று ஓர் அறிக்கை சொன்னால் நம்பாதீர்கள். பாலைவனத்தில் ஆண்டு முழுவதற்குமான மழை ஒரே மாலையில் கொட்டிவிடும்.

ராணுவ நிலத்தில்தான் விலங்குகள் நல்லா இருக்குன்னு படிச்சேனே?

அதில் உண்மை இருக்கிறது. வேலிக்குள் ஆடுமாடு மேய்ச்சல், சுரங்கம், வீட்டுமனை எதுவும் இல்லை. அமெரிக்காவில் மற்ற அரசு நிலங்களோடு ஒப்பிட்டால், ஏக்கர் கணக்கில் பாதுகாப்புத் துறை நிலத்தில்தான் அழிநிலை உயிரினங்கள் அதிகம் அடர்ந்திருக்கின்றன. 1997-ல் திருத்திய சைக்ஸ் சட்டப்படி ஒவ்வொரு பெரிய தளத்துக்கும் இயற்கை வள மேலாண்மைத் திட்டம் வேண்டும். 2002 வறட்சியில் அமெரிக்காவிலிருந்த சோனோரன் கிளைக்கொம்பு மான்கள் 21 அளவுக்குக் குறைந்தன. அவற்றில் பல கோல்ட்வாட்டர் குண்டுவீச்சு நிலத்தை நம்பியவை. அங்கே குண்டு போடுவதற்கு முன் ஆட்கள் மேட்டிலிருந்து பார்த்து, மான் அருகில் இருந்தால் அன்று அந்த இலக்கை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் தளம் முழுவதையும் சராசரி எடுத்துச் சொல்வதில் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. டாங்கிகள் ஓடுவது சமதளப் பள்ளத்தாக்குகளில். ஆமை விரும்புவதும் பெரும்பாலும் அதே தளர்ந்த மண். மலை உச்சிகள் அப்படியே இருக்கும், அவற்றையும் சேர்த்துத் தளத்தில் இத்தனை விழுக்காடு பாதிப்பில்லாதது என்று எழுதிவிடலாம். எந்த வகை நிலத்தில் எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள்.

ரகசியம் என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிட மாட்டார்களா?

ஓரளவு முடியும். 1981-ல் ஹவாய் வழக்கொன்றில், ரகசியத் தகவல் சம்பந்தப்பட்டால் அறிக்கையை மக்களுக்கு வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளுக்குள் ஆராயும் கடமை மட்டும் அப்படியே இருக்கும். நெவாடாவின் குரூம் ஏரித் தளத்தில் கழிவுகளைத் திறந்த குழிகளில் எரித்ததால் நோய் வந்தது என்று தொழிலாளர்கள் 1990களில் வழக்குத் தொடுத்தார்கள். அந்தத் தளத்தின் மாசு விவரங்களை வெளியிடுவதிலிருந்து 1995-ல் அதிபர் கிளின்டன் விலக்கு அளித்தார். மேல்முறையீட்டிலும் அரசின் ரகசிய உரிமையே நின்றது.

சாதாரணப் பயிற்சி நிலங்களுக்கு இவ்வளவு மறைப்பு கிடையாது. ஆயுதத்தின் திறன் ரகசியமாக இருக்கலாம். நசுங்கிய வளைகளின் எண்ணிக்கையும், கிணற்று நீரிலுள்ள பெர்குளோரேட்டும் ரகசியமாக இருக்கக் காரணமே இல்லை.

ராணுவம் தானே எழுதும் அறிக்கையை எப்படி நம்புவது?

பெரும்பாலும் ராணுவம் பணம் கொடுத்து ஆலோசனை நிறுவனம் எழுதுகிறது. நம்பிக்கை வருவது வேறு வழிகளில். வனவிலங்குத் துறையின் தனிக் கருத்துரை, புவியியல் ஆய்வுத் துறை விஞ்ஞானிகளும் பல்கலைக்கழகங்களும் இதழ்களில் வெளியிடும் ஆய்வுகள், பொதுமக்கள் கருத்துகளுக்கு அறிக்கையிலேயே அச்சாகும் பதில்கள், கடைசியாக நீதிமன்றம். 2025 மே மாதத்தில் ரயில்பாதை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இத்தகைய அறிக்கைகளில் துறைகளின் முடிவுக்கு நீதிபதிகள் மிகுந்த மதிப்புத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே கடைசி வழி முன்பைவிடக் குறுகியிருக்கிறது. முதல் மூன்று வழிகளின் முக்கியத்துவம் அந்த அளவுக்குக் கூடியிருக்கிறது.

ஆமை குறைவதற்கு ராணுவம் மட்டுமா காரணம்? சோலார் பண்ணை, ஊர், சாலை எல்லாம் இருக்கே?

மட்டுமில்லை. குப்பைமேடும் மின்கம்பமும் பெருகியதால் மொஹாவியில் அண்டங்காக்கைகள் பல மடங்கு கூடின. அவை ஆமைக் குஞ்சுகளின் மெல்லிய ஓட்டைக் கொத்தித் தின்கின்றன. சுவாச நோய், சாலை விபத்து, அயல்நாட்டுப் புல்லால் பரவும் தீ, சூரிய மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய நிலை. இங்கே ஒவ்வொரு திட்டமும் தன் பங்கு சிறிது என்று சொல்லித் தப்பித்துவிடுகிறது. சிறிது என்பது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் ஒட்டுமொத்தப் பாதிப்பை ஒரு தளத்தின் வேலிக்குள் அளக்க முடியாது. ஆமைகளின் வாழிடம் முழுவதையும் ஒரே வரைபடத்தில் வைத்து, முன்பு நடந்தது, இப்போது நடப்பது, இனி வரப்போவது எல்லாவற்றையும் அதில் போட வேண்டும்.

பழைய அணுச் சோதனை நிலங்களை இப்போது மதிப்பிட்டு என்ன பயன்?

ஆஸ்திரேலியாவின் மரலிங்காவைப் பாருங்கள். 1956-லும் 1957-லும் பிரிட்டன் அங்கே ஏழு அணுகுண்டுகளை வெடித்தது. அவற்றைவிட அதிக மாசு விட்டுச்சென்றவை, 1963 வரை நீடித்த, சிறு சோதனைகள் என்று பெயரிட்ட வேறு பரிசோதனைகள். டரனாகி என்ற இடத்தில் சுமார் 22 கிலோ புளூட்டோனியம் சிதறியது. 1967-ல் நிலத்தை உழுது, மண்ணோடு கலந்துவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்று போனார்கள். 1980களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அளந்தபோது நிலைமை சொன்னதைவிட மிக மோசமாக இருந்தது. அரசு விசாரணை ஆணையம் அமைந்தது. 1990களில் மேல்மண்ணைச் சுரண்டிப் புதைத்து, 2000-ல் அந்தப் பணி முடிந்தது. நிலம் அதன் சொந்தக்காரர்களான மரலிங்கா ஜருச்சா மக்களிடம் கட்டங்கட்டமாகத் திரும்பியது.

அவர்கள் தரையில் உட்கார்ந்து சமைப்பார்கள், வேட்டையாடுவார்கள், குழந்தைகள் மண்ணில் விளையாடும். நகரவாசியின் வாழ்க்கையை வைத்துக் கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டால் அவர்களுக்கு அது பொருந்தாது. அந்த வாழ்க்கை முறையை வைத்தே கணக்கிட்டு, எவ்வளவு சுத்தம் போதும் என்று தீர்மானித்தார்கள். மறுமதிப்பீட்டின் பயன் இதுதான்.

கெட்டுப்போன தரையைச் சரிசெய்யவே முடியாதா?

வேகப்படுத்தலாம், பழையபடி ஆக்க முடியாது. இறுகிய மண்ணைக் கீறித் தளர்த்துகிறார்கள். காய்ந்த கிளைகளை நிற்க வைத்து நடுகிறார்கள், விதையும் ஈரமும் அங்கே தங்கும். நாற்றுப் பண்ணையில் வளர்த்த புதர்களை நடுகிறார்கள். தடத்தின் தொடக்கத்தை மறைத்தாலே அடுத்த வண்டி உள்ளே வராது என்பது அனுபவத்தில் கண்டது. கல் தோலையும் பழைய கிரியோசோட் வளையத்தையும் யாராலும் செய்து தர முடியாது. அதனால் சிறந்த பாதிப்புக் குறைப்பு, ஏற்கெனவே உடைந்த பாதையிலேயே வண்டிகளை ஓட்டுவது. செலவும் அதற்குத்தான் குறைவு.

நம்ம ஊர்ல, பொக்ரான் மாதிரி இடத்துல, இப்படி அறிக்கை வெளியாகுமா?

இந்தியாவின் 2006 தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தேசப் பாதுகாப்பு சார்ந்த திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. 2023-ல் திருத்திய வனப் பாதுகாப்புச் சட்டமும் எல்லையிலிருந்து 100 கி.மீ.க்குள் வரும் சாலை போன்ற நீளவாக்குப் பாதுகாப்புத் திட்டங்களை விலக்கியிருக்கிறது. அதாவது, நெவாடாவில் பையூட் மக்களுக்குக் கிடைத்த மாதிரியான வரைபடம் தார்ப் பாலைவனக் கிராமத்தாருக்குக் கிடைக்கச் சட்டமே வழி வைக்கவில்லை. ரகசியம் பற்றிய கேள்வியில் சொன்னதுபோல, ஆயுத விவரத்தை மறைத்துவிட்டு நிலத்தின் விவரத்தை வெளியிட முடியும். இந்த வேறுபாட்டை நம் விதிகள் செய்யவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே தெரிகிறது.

இதில் கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவையும் சம்பந்தப்பட்டிருக்கிறது. உலகில் எஞ்சியவை இருநூறுக்கும் குறைவு, பெரும்பாலானவை ஜெய்சல்மேர் வட்டாரத்தில். பாலைவனத் தேசியப் பூங்காவோடு, பொக்ரான் துப்பாக்கிச் சூட்டு நிலமும் அதன் முக்கிய வாழிடம். உழவும் மின்கம்பிகளும் வெளியே பெருகப் பெருக, வேலிக்குள் இருக்கும் புல்வெளி அதற்குப் புகலிடமாகிவிட்டது. அதன் முதன்மை எதிரி இன்று மின்கம்பிதான். உச்ச நீதிமன்றம் 2021-லும் 2024-லும் தலையிட்டது அதற்காகத்தான். பொக்ரான் நிலத்துக்குள் கானமயில் எந்த மாதத்தில் எங்கே முட்டையிடுகிறது, அந்த மாதத்தில் எந்த இலக்குகளில் சுடுகிறார்கள் என்ற இரண்டு அட்டவணைகளை ஒன்றாக வைத்துப் பார்க்க எந்த ராணுவ ரகசியமும் வெளியே போக வேண்டியதில்லை. கோல்ட்வாட்டரில் மானுக்குச் செய்வதும் இதுதான்.